சிகாமட்டுக்கு இரண்டு வழிகள்

அவளை எங்கள் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் சேர்ந்த பிறகு வந்த ஓராண்டில், குளிக்கும்போதும், சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருக்கும்போதும், நான் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது இதைத்தான்.

நாங்கள் இருவரும் கூலாயில் அடுத்தடுத்த தாமான் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். எங்கள் இரண்டு பேர் அப்பாவும் செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து செனாய் பக்கம் ஃபேக்டரி வேலையில் சேர்ந்தவர்கள். பாலிடெக்னிக்கிலும் ஒரே வகுப்பு. கணினி வலைப்பின்னல் படித்தோம். படிப்பு முடிந்ததும் நான் ஜொகூர் பாருவில் லோரி உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். அவள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போனாள். பதினோரு வருடம் விடியுமுன் எழுந்து, கஸ்டம்ஸ் வரிசையில் நின்று, அங்கே ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய கைப்பையும் செருப்பும் விடுமுறைப் படங்களும் எனக்கு அந்தப் பதினோரு வருடமும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தன. வெளியே காட்டிக்கொண்டதில்லை. தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் போன் செய்தாள். "அம்மா கீழ விழுந்துட்டாங்கடி. இடுப்பு எலும்பு. இனிமே நான் அந்தப் பக்கம் போய்ட்டு வர முடியாது. உங்க ஆபீஸ்ல ஏதாவது இருந்தா சொல்லேன்."

இருந்தது. எனக்கு உதவிக்கு ஓர் ஆள் கேட்டு நானே மனுக் கொடுத்திருந்தேன். அவளுடைய விவரங்களை மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "நல்லா வேலை செய்வாள், நான் பொறுப்பு" என்றேன். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தில் நட்பு பாதிதான். மீதியை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. அவள் என் இடத்துக்கு வந்து, என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஸ்டேப்ளர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்பாள் என்று நினைத்தபோது இனித்தது.

ஸ்டேப்ளரை அவள் ஒரு நாள்தான் கேட்டாள்.

எங்கள் தலைமை அலுவலகம் ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில். பெரிய ஸ்டோர் கூலாயில். இன்னொரு ஸ்டோர் சிகாமட்டில். மூன்றையும் இணைக்கும் லைன்களும் ரவுட்டர்களும் பத்து வருடமாக என் பொறுப்பு. ஓர் இடத்தில் ஏதாவது மெதுவாகிவிட்டால், முதலில் நான் ஓட்டிப் பார்ப்பது வழியைத் தேடிச் சொல்லும் அந்தச் சின்ன நிரலைத்தான். டிரேஸ்ரூட் என்பார்கள். நாங்கள் சும்மா 'டிரேஸ்' என்போம். இங்கிருந்து அங்கே போகிற வழியில் எத்தனை ரவுட்டர்கள், அவற்றின் எண்கள் என்ன, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிசெகண்டு தூரம் என்று அது வரிசையாக எழுதிக் காட்டும்.

இதை அவளுக்கு முதன்முதலில் புரியவைத்ததும் நான்தான். பாலிடெக்னிக் முதல் வருடம். சனிக்கிழமை, கூலாயிலிருந்து ஜேபி போகும் பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டு வந்தோம். வகுப்பில் சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை. அனுப்பும் தகவல் துண்டான பாக்கெட்டுக்குள் ஓர் எண் இருக்கும், வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும் என்று விரிவுரையாளர் பலகையில் படம் போட்டிருந்தார். "செத்துப்போன பாக்கெட்ட வெச்சு எப்படிடி வழி கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள்.

நான் பஸ்ஸையே காட்டினேன். "இந்த பஸ் எந்தெந்த ஸ்டாப்புல நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. டிரைவரும் சொல்ல மாட்டாரு. அதனால உன்ன ஒரே ஒரு ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து ஏத்தி விடுறேன். மொத ஸ்டாப்புல எறக்கி விட்டுடுவாங்க. அங்க கடை வெச்சிருக்கிறவரு ஒரு சீட்டு எழுதி இந்தப் பக்கம் வர்ற பஸ்ஸுல குடுத்து அனுப்புறாரு, 'உங்க ஆளு இங்க எறங்கிட்டாங்க, இது செனாய்'னு. நான் எழுதிக்கிறேன். அடுத்த ஆளுக்கு ரெண்டு ஸ்டாப்பு டிக்கெட். ரெண்டாவது கடைக்காரரு சீட்டு அனுப்புவாரு. அப்புறம் மூணு. இப்படியே கடைசி ஸ்டாப்பு வரைக்கும்."

"மூணு மூணு தடவ நேரம் காட்டுதே?"

"ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மூணு ஆள அனுப்புது. ஒருத்தர மட்டும் நம்ப முடியாதுல்ல."

"கடைக்காரரு சீட்டு அனுப்பலன்னா?"

"அங்கதான் நட்சத்திரம் போடும்."

அவள் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த சீனப் பாட்டி திரும்பிப் பார்த்தார். அடுத்த சோதனையில் அந்தக் கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண். எனக்கு ஒன்று குறைந்தது.

அலுவலகத்தில் அவள் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஆரம்பித்தது. மேனேஜர் சீனர், எங்களோடு ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுபவர், சிரிப்பதே அபூர்வம். அவளுடன் பேசும்போது சிரித்தார். எனக்குக் காதில் விழுந்த வரை அவள் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அவளுடைய ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகும். நான் மேனேஜரிடம் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பேன். மத்தியானம் அவள் திறக்கும் சாப்பாட்டு டப்பாவில்கூட எல்லாம் தனித்தனி அறையில் இருக்கும், கீரை ஒரு பக்கம், பொரியல் ஒரு பக்கம். என்னுடையதில் சாம்பார் சோற்றை மூழ்கடித்திருக்கும்.

ஒரு தடவை கூலாய் லைன் சரியில்லை என்று மேனேஜர் கேட்டார். நான் டிரேஸ் ஓட்டி, மூன்றாவது இடத்தில் வெறும் நட்சத்திரங்களாக வருவதைக் காட்டி, "இங்கேதான் அறுந்திருக்கிறது" என்றேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள். "மூணாவது நட்சத்திரம், ஆனா நாலு, அஞ்சு எல்லாம் நல்லா வருதே. அறுந்திருந்தா அதுக்கு அப்புறம் ஒண்ணுமே வரக்கூடாது. அந்த ரவுட்டருக்கு பதில் சொல்ல இஷ்டமில்ல, அவ்வளவுதான். வழி விடுது, பேச மாட்டேங்குது."

அவள் சொன்னது சரி. எனக்கும் அது தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துவிட்டேன். மேனேஜர் "ஓ, ஐ சீ" என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினார். என் திரையில், என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, அவளைப் பார்த்து.

அதைவிட என்னைக் குடைந்தது சிகாமட் அண்ணன். சிகாமட் ஸ்டோரின் மேற்பார்வையாளர், எங்களைவிடப் பத்து வயது மூத்த தமிழர். பத்து வருடமாக எது கெட்டாலும் எனக்குத்தான் போன் செய்வார். வெள்ளம் வந்த வருடம் நானும் அவரும் சேர்ந்து செய்த காரியம் இன்றும் எனக்குப் பெருமை. ஆறு ஏறி, டவுன் பக்கம் கேபிள் போய்விட்டது. ஸ்டோர் மேட்டில் இருந்ததால் தப்பித்தது, ஆனால் லைன் இல்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த மொபைல் சிம் லைனை அவர் அங்கே எழுப்ப, நான் ஜேபி ரவுட்டரில் சிகாமட் போக்குவரத்து முழுவதையும் அதன் வழியே திருப்பிவிட்டேன். கேபிள் திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் ஸ்டோர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் என் பெயரைச் சொன்னார். பத்து வருடத்தில் அது ஒரு முறைதான்.

அந்த அண்ணனின் குரல் ஒரு காலை அவளுடைய போனிலிருந்து கேட்டது. "பிரிண்டர் விஷயமா?" என்று அவள் கேட்க, "ஆமாம்மா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், ஓகே லா" என்கிறார் அவர். நான் மாடிப்படிக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, எதுக்கு அவளுக்கு போன் பண்றீங்க? நான் இல்லையா?"

"நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நினைச்சேன் தங்கச்சி. அவங்க ஒடனே எடுக்குறாங்க."

அன்றிலிருந்துதான் அவளுடைய மெயில்களைத் திறக்காமல் விட ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் இருப்பவள், வேண்டுமானால் வாயால் சொல்லட்டும் என்று ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அவள் பெயர் தடித்த எழுத்தில் பெட்டியில் ஏறிக்கொண்டே போனது. அதைத் திறக்காமல் கடந்து போவதில் ஒரு சின்ன சுகம் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து சிகாமட்டில் பிரச்சினை வந்தது. அங்கே இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று மேசைக் கணினிகள். மற்றது, ஸ்டோர் ஆட்கள் கையில் வைத்துக்கொண்டு பெட்டிகள்மேல் காட்டும் ஸ்கேனர்கள். மேசைக் கணினிகளுக்கு ஒன்றுமில்லை. ஸ்கேனர்கள் மட்டும், அதிலும் லோரிகள் வந்து சேரும் மத்தியான நேரத்தில் இன்னும் மோசமாக, ஒரு பெட்டியைப் படித்துவிட்டு அடுத்ததற்கு அரை நிமிடம் யோசித்தன. வெள்ளக் காலத்தில் ஸ்கேனர் இரண்டுதான் இருந்தது. இப்போது ஒரு டஜன்.

நான் அண்ணனிடம் சொல்லி, ஒரு மடிக்கணினியை ஸ்கேனர்களின் வைஃபையில் இணைத்து, அங்கிருந்து ஜேபி சர்வருக்கு டிரேஸ் ஓட்டச் சொன்னேன். படம் எடுத்து அனுப்பினார். முதல் நான்கு இடங்களும் பத்து, பதினைந்து மில்லிசெகண்டு. ஐந்தாவது, எங்கள் ஜேபி ரவுட்டர். அங்கே நானூறு, ஐந்நூறு. அதற்கடுத்து சர்வர். அதுவும் அப்படியே.

எனக்குச் சந்தேகமே இல்லை. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் தாவுகிறது, அது லைன் கம்பெனி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து விடும் கடைசித் துண்டு, தவறு அவர்களுடையது. புகார் கொடுத்தேன். சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். மறுபடி கொடுத்தேன். மறுபடி ஒன்றுமில்லை. ஜேபியிலிருந்து அண்ணனின் மேசைக் கணினிக்கு ஒரு டிரேஸ் ஓட்டிப் பார்த்தேன், அழகாக இருந்தது. 'இந்த நேரம் பார்த்து நல்லா இருக்கு' என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இப்படி மூன்று வாரம். நான் லைன் கம்பெனியோடு சண்டை போட்டேன், அண்ணன் ஆட்களோடு சண்டை போட்டார், லோரி டிரைவர்கள் அண்ணனோடு சண்டை போட்டார்கள்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதைவிட இன்னும் மூன்று வாரம் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

கடைசியில் மேனேஜர் கூட்டம் வைத்தார். காலை பத்து மணி. அவர், விற்பனைப் பிரிவின் தலைவர், நான், அவள். நான் டிரேஸ் படத்தைத் திரையில் போட்டு, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் விரலை வைத்து, லைன் கம்பெனியை மாற்ற வேண்டும் என்றேன். மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிறாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு, டிரேஸ் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

பஸ்ஸை எடுத்தாள்.

ஒரு ஸ்டாப்புக்கு டிக்கெட், இறக்கிவிடுவது, கடைக்காரர், சீட்டு, எல்லாம். ஆங்கிலத்தில், சிரிக்கவேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைக்காரர் சீட்டு அனுப்பாவிட்டால் நட்சத்திரம் என்பது வரை. விற்பனைத் தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குக் காது மடல் எரிந்தது. அது என்னுடையது. பத்தொன்பது வயதில் நின்றுகொண்டு வந்த பஸ்ஸில், நான் அவளுக்குக் கொடுத்தது. "இவள்தான் எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தாள்" என்று என் பக்கம் கைகாட்டினாளாம். விற்பனைத் தலைவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். சத்தியமாக எனக்கு அது கேட்டதாக நினைவில்லை.

அவள் அதோடு விடவில்லை. நான் அன்றைக்குச் சொல்லாத ஒன்றைச் சேர்த்தாள். "போகிற பஸ் ஹைவேயில் போகிறது, அது நமக்குத் தெரிகிறது. சீட்டைக் கொண்டுவருகிற பஸ் எந்த ரோட்டில் வருகிறது என்று இந்தப் படம் சொல்லாது. அது பழைய ரோட்டில் ஊர் ஊராக நின்று வந்தாலும், நேரம் மட்டும்தான் கூடும். வழி தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கும் ஒரு டிரேஸ் ஓட்ட வேண்டும். மேசைக் கணினிக்கு இல்லை, ஸ்கேனருக்கே." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பாருங்கள்," என்றார் மேனேஜர் எங்கள் இருவரிடமும்.

நான் எழுந்து கிட்டத்தட்ட ஓடினேன். அவளுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தபோது, கையில் கோப்பையோடு டீ போடும் பான்ட்ரி பக்கம் நின்று, தண்ணீர் கொதிக்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஜேபி ரவுட்டருக்குள் போய் ஒரு ஸ்கேனரின் எண்ணுக்கு டிரேஸ் ஓட்டினேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அங்கே வரவேண்டிய எண் வரவில்லை. வந்தது மொபைல் சிம் லைனின் எண். வெள்ளத்தின்போது இரண்டு வாரம் அதோடு வாழ்ந்திருக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ரவுட்டரின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளத்தன்று நான் எழுதியது இரண்டு கட்டளைகள். ஒன்று மேசைக் கணினிகளுக்கு, ஒன்று ஸ்கேனர்களுக்கு. கேபிள் திரும்பி வந்த அன்று மேசைக் கணினிகளுடையதை எடுத்துவிட்டேன். ஸ்கேனர்களுடையது அப்படியே இருந்தது. பக்கத்தில் நான் தட்டி வைத்த குறிப்பும் இருந்தது: 'பஞ்சீர் – செமெந்தாரா'. வெள்ளம், தற்காலிகம் என்று மலாயில். அதன் கீழே என் பெயரின் முதல் எழுத்துகள். அன்று முதலாவதை எடுத்த நேரத்தில் மகளின் பள்ளியிலிருந்து காய்ச்சல் என்று போன் வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது இருந்ததே நினைவில்லாமல் போய்விட்டது. அதன் பிறகு சிகாமட் ஸ்கேனர்கள் கேட்ட கேள்வி நல்ல லைனில் வந்தது, பதில் சிம் லைனில் திரும்பிப் போனது. இரண்டு ஸ்கேனருக்கு அது தாங்கியது. ஒரு டஜனுக்கு, அதிலும் மத்தியான நேரத்து மொபைல் டவர் நெரிசலில், தாங்கவில்லை.

பாராட்டு வாங்கிய அதே காரியம். மூன்று வாரம் லைன் கம்பெனியைத் திட்டியிருக்கிறேன்.

பான்ட்ரியில் கரண்டிச் சத்தம் கேட்டது. கட்டளையை அழித்தேன். குறிப்பையும் அழித்தேன். அண்ணனுக்குப் போன் செய்து, "இப்ப பாருங்கண்ணே" என்றேன்.

"அலமாக்! பறக்குது தங்கச்சி! என்னா செஞ்சீங்க?"

"லைன்காரங்கள மறுபடி புடிச்சேன்" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

அவள் வந்து உட்கார்ந்து தன் திரையில் டிரேஸ் ஓட்டினாள். எல்லாம் பதினைந்து, பதினாறு. கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான். மேனேஜர் மேசைக்கே வந்தார். லைன் கம்பெனியை நன்றாக மிரட்டிவிட்டாய் போலிருக்கிறது என்று என்னிடம் சொல்லி, முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளுடைய முதுகு எனக்குத் தெரிந்தது. அது திரும்பவில்லை.

நடந்ததைச் சுருக்கமாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். மத்தியானம் பழைய புகார்களைத் தேட மெயில் பெட்டியில் 'சிகாமட்' என்று போட்டேன். மேலேயே அவள் பெயர், தடித்த எழுத்தில், திறக்கப்படாமல். காலை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அனுப்பியது. எனக்கு மட்டும்.

'மீட்டிங்குக்கு முன்னாடி இத பாத்துடு. ஸ்கேனருக்குப் போற பதில் மட்டும் சிம் லைன்ல போவுது. வெள்ளம் டைம்ல போட்டது மாட்டிக்கிச்சு போல. நான் தொடல, உன் ரவுட்டர், நீயே எடுத்துடு. யாருகிட்டயும் சொல்லல.' கீழே டிரேஸ் வரிகள், நான் காலையில் பார்த்த அதே எண்.

அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். இன்னும் பதினாறு மெயில்கள், எல்லாம் திறக்காதவை. சிகாமட் ஸ்கேனர் பற்றி மூன்று வாரத்துக்கு முன்பே ஒன்றில் கேட்டிருந்தாள்: 'அந்தப் பக்கத்துக்கு டிரேஸ் ஓட்டிப் பாத்தியா?' ஒன்றில் வெறும் பிறந்தநாள் வாழ்த்து, எனக்கு.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. இதிலும் அவள் என்னைவிட மேலாக நடந்துகொண்டுவிட்டாளே என்ற எரிச்சல்தான் வந்தது. வெட்கம் சாயங்காலம், வீட்டுக்குப் போகிற ஜாமில் நின்றபோதுதான் வந்தது.

மறுநாள் மத்தியானம், "வெளியே சாப்பிடப் போலாமா" என்று கேட்டேன். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சொன்னோம். நான் தே தாரிக் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"மெயில நேத்து மத்தியானம்தான் பாத்தேன்."

"தெரியும்."

"மீட்டிங்லயே நேரா சொல்லியிருக்கலாம்ல? உனக்கு நல்ல பேரு வந்திருக்கும்."

"உனக்கு என்னா பேரு வந்திருக்கும்?" என்றாள். கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு முட்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "பதினேழு மெயில். ஒண்ணுக்கும் பதில் இல்ல. பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்னாடி செஞ்சேன் நான் உனக்கு?"

"ஒண்ணும் செய்யல. அதான் பிரச்சன."

"புரியற மாதிரி சொல்லு."

"நீ வந்ததுலேர்ந்து எனக்குப் பொறாமையா இருக்கு. எல்லாத்துக்கும். நீ பேசுறது, அவரு உன்கிட்ட சிரிக்கிறது, அண்ணன் உனக்கு போன் பண்றது. உன் சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எங்களைப் பார்க்காதது மாதிரி பார்த்தார்.

அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தேற்றவில்லை. "நீ அந்தக் கட்டளைய அழிச்சிட்டு லைன் கம்பெனி மேல போட்டது எனக்குப் பிடிக்கல" என்றாள். "அவங்க ஆளு ஒருத்தர் ரெண்டு தடவ சிகாமட்டுக்குப் போய் கேபிள பிரிச்சுப் பாத்திருக்காரு. அண்ணன் சொன்னாரு. நீ என்மேல எவ்வளவு வேணும்னாலும் பொறாமைப்படு. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அந்த ஆளு என்னா செஞ்சாரு?"

மீ கோரெங் ஆறிப்போனது.

திங்கட்கிழமை மேனேஜரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், இரண்டு கட்டளைகள், ஒன்றை மறந்தது, அழித்தது. மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்க்காமல், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "மூன்று வாரம்" என்றார். பிறகு, "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார்.

'இரண்டு பேரும்' என்று சொல்லியிருக்கலாம். அதுகூட முழுப் பொய்யாகாது. வாய் வரை வந்தது. "அவள்" என்றேன்.

லைன் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். அண்ணனுக்கும் போன் செய்து சொன்னேன். "பரவால்ல லா தங்கச்சி, வெள்ளத்துல நீங்க இல்லன்னா நாங்க என்னா செஞ்சிருப்போம்" என்றார். அதைக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு மேல் பதவி உண்டாக்கினார்கள். அவளுக்குக் கொடுத்தார்கள். நான் அன்று உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். தெரியாது. வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வந்திருக்கலாம் என்று நினைப்பதை என்னால் நிறுத்த முடிவதில்லை. வாழ்த்துச் சொன்னேன். கேக் வெட்டியபோது கைதட்டினேன்.

இப்போது நான் அவளுக்குக் கீழே வேலை செய்கிறேன். அவள் போட்ட முதல் விதி, எந்தப் புகாரானாலும் இரண்டு பக்கமிருந்தும் டிரேஸ் ஓட்டி, இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது. நல்ல விதி. ஒவ்வொரு முறை அதைச் செய்யும்போதும் எனக்கு எரிகிறது. அவளுடைய மெயில்களை வந்த உடனே திறந்துவிடுகிறேன். பதிலும் போடுகிறேன்.

போன மாதம் கூலாய் ஸ்டோரில் ஒரு கோளாறு. பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றன, சின்னவை போயின. அவள் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. நான் டிரேஸ் அனுப்பும் பாக்கெட்டின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போய், எந்த இடத்தில் விழுங்கப்படுகிறது என்று மூன்றாவது நாள் காலையில் பிடித்துவிட்டேன். அவளிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமாவது, ஒரு நொடியாவது, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சுருக்கம் அவள் கண்ணோரத்தில் விழுகிறதா என்று. விழவில்லை.

"சூப்பர்டி! எப்படிப் பிடிச்ச? எனக்கும் காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காட்டினேன். ஓர் இடத்தை மட்டும் வேகமாகக் கடந்தேன்.

"இரு இரு" என்றாள். "நடுவுல என்னவோ செஞ்சியே, அது என்னா?"

அதையும் காட்டினேன்.